நீர்முள்ளிக்குக் கிடைத்த பலகை

"காஸிம் நானா, பலகை மட்டும் நிக்குது. பலகைக்குக் கீழ ஒண்டுமில்லை" என்று சுகந்தி போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. முழங்கால் இரண்டுக்கும் எண்ணெய் பூசிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்த நேரம் அது.

சுகந்தி, நான் வேலை செய்த ஆயுர்வேத வைத்தியசாலையின் மூலிகைத் தோட்டத்துக்கு இப்போது பொறுப்பாக இருக்கிற பிள்ளை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கொழும்பிலிருந்து பெரியவர்கள் தோட்டம் பார்க்க வருகிறார்களாம். நீர்முள்ளி என்று மூன்று மொழியிலும் எழுதிய தகரப் பலகை நிற்கிறதாம். செடிதான் இல்லையாம்.

"நீங்கள் ஒருக்கா வந்து பாக்கேலுமோ? எப்பிடி வளர்த்தனீங்கள் எண்டு சொன்னாலும் காணும்" என்றாள்.

பார்ப்போம் என்று சொல்லி போனை வைத்தேன். எப்படி வளர்த்தேன் என்பதைச் சொல்லிவிடலாம். எதற்காக வளர்த்தேன், அது என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முடியும். அது போனில் முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன். வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். புத்தளம் களப்புக்கு இந்தப் பக்கம் என்றாலே எங்கள் ஆட்களுக்கு விளங்கும்.

நான் நுரைச்சோலைக்காரன். வாப்பாவின் வெங்காயத் தோட்டத்தில் மண் அள்ளித் தின்று வளர்ந்தவன். அந்தத் தோட்டம் கைவிட்டுப் போனபின் வைத்தியசாலைத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தேன். கெசுவல் என்பார்கள். வேலைக்குப் போனால் அன்றையச் சம்பளம், போகாவிட்டால் இல்லை. காய்ச்சல் என்றாலும் இல்லை, உம்மா மௌத்தானாலும் இல்லை. ஓய்வு பெற்றால் கைவீசி வீட்டுக்கு வர வேண்டியதுதான். நிரந்தர நியமனம் கிடைத்தால் மட்டுமே பென்சன். அதற்கும் ஒரு வயதெல்லை இருந்தது. அந்த எல்லையை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன். பின்னேரம் சைக்கிளைச் சுவரில் சாத்தும்போதே என் மனைவி நஸீமா வாசலில் நின்று "என்னவாம்?" என்பாள். நியமனம் பற்றித்தான் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "ஒண்டுமில்ல" என்பேன். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியும் பதிலும் சோறு கறி மாதிரி ஆகிவிட்டிருந்தன.

தோட்டத்துக்குப் பொறுப்பாக அப்போது இருந்தவர் பெர்னாந்து மாத்தயா. மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. சிலாபத்துப் பக்கத்து வேதக்காரர். வீட்டில் தமிழும் சிங்களமும் கலந்து பேசி வளர்ந்தவர். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை, புகழ்ந்தும் கேட்டதில்லை. நாம் செய்கிற வேலை பிழை என்றால் நம் கையிலிருந்து மண்வெட்டியை வாங்குவார், தானே செய்வார், திருப்பித் தருவார். அதைவிட அவர் நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றிருக்கும். இன்னொரு பழக்கமும் இருந்தது. யார் எந்தக் கதையோடு வந்தாலும் முதலில் "சாப்பிட்டதா?" என்று கேட்பார். இல்லை என்றால் சாப்பிட அனுப்பிவிட்டுத்தான் கதையைக் கேட்பார்.

ஒருநாள் அவர் என்னைக் கசாய அறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். மருந்து காய்ச்சுகிற பெரிய கிடாரங்களைக் கழுவி ஊற்றுகிற தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும்.

"காஸிம், இந்த இடத்தில நீர்முள்ளி போடுவம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நீர்முள்ளி குளத்தோரத்துச் செடி. வயல் வாய்க்காலில் தானாக முளைக்கும். கணுவுக்குக் கணு ஊதாப் பூ பூக்கும். பூவைச் சுற்றி விரல் நீளத்துக்கு மஞ்சள் முள் நிற்கும். எங்கள் கடற்கரை மணலில் அது நிற்காது. வியாபாரிகள் கொண்டுவந்து விற்கிற காய்ந்த நீர்முள்ளியில் பாதி வேறு புல்லாக இருக்கிறது என்று வைத்தியர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாரி முடிந்தபின் கொழும்பிலிருந்து ஒரு மேலதிகாரி தோட்டம் பார்க்க வருவதாகவும் இருந்தது.

"இந்த மணலில நீர்முள்ளி வராது எண்டு அந்தப் பெரியவர் முந்தி என்ட மொகத்துக்கே சொன்னவர்" என்றார் மாத்தயா. "பூக்க வச்சிக் காட்டினா ஒன்ட நியமனத்தை நான் வாய் தொறந்து கேக்கலாம். சும்மா கேக்க எனக்கு வராது."

அன்று பின்னேரம் நஸீமா "என்னவாம்?" என்று கேட்டபோது முதல்தடவையாக வேறு பதில் சொன்னேன். "ஒரு பூப்பாத்தி போடச் சொன்னார். அது பூத்தா நியமனத்துக்குக் கேப்பாராம்." அவள் ரோசாவா, செவ்வந்தியா என்று கேட்டாள். ஊதாப்பூ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அலுத்து வந்த மனிதன் அதற்குமேல் என்ன சொல்வான்?

பாத்தி போட்ட விதத்தைச் சுகந்திக்காகச் சொல்கிறேன். எங்கள் மணலில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றின கை எடுக்குமுன் காணாமல் போய்விடும். தென்னந்தோட்டங்களில் மரத்தடியில் ஈரம் நிற்பதற்காகத் தேங்காய் மட்டைகளைக் குழி வெட்டிப் புதைப்பார்கள். நாங்களும் அதையே செய்தோம். இடுப்பளவுக்கு மண்ணை வாரி எடுத்தோம். மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினோம், கோப்பை மாதிரி. அதன்மேல் வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் குளத்திலிருந்து ட்ராக்டரில் ஏற்றிவந்த வண்டல். அதற்குமேல் மக்கின சாணம். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்ததால் அதைத் தொடவில்லை. கிடாரம் கழுவின தண்ணீரை ஒரு குழியில் தேக்கி, ஆறி, சாம்பல் அடியில் படிந்தபின் மெல்லிய வாய்க்காலில் பாத்திக்கு விட்டோம்.

ஈரம் பார்க்க மாத்தயாவிடம் ஒரு வழி இருந்தது. செருப்பைக் கழற்றிப் பாத்திக்குள் இறங்குவார். குதிக்காலை ஒருமுறை அழுத்தி எடுப்பார். தடத்தில் உடனே தண்ணீர் நிரம்பினால் கூடிப்போயிற்று. தடம் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. தடத்தின் அடி வியர்த்த நெற்றி மாதிரி மெல்லப் பளபளத்தால் "ஹரி" என்பார், சிங்களத்தில் சரி என்று. அந்த ஒரு ‘ஹரி’க்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விதையில் நான் சறுக்கினேன். வெங்காயமோ மிளகாயோ, நாங்கள் விதையைத் துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துத்தான் போடுவோம். வாப்பா அப்படி, அவருடைய வாப்பாவும் அப்படி. நீர்முள்ளி விதையையும் அப்படியே கட்டி ஊறவைத்தேன். காலையில் துணியை அவிழ்த்தால் உள்ளே ஒரே பசை! நோன்பு திறக்கிற சர்பத்தில் கசகசா ஊறினால் எப்படி இருக்கும், அதைவிட மோசம். விதையும் துணியும் என் விரலும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. மாத்தயா வந்து பார்த்தார். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"நனைஞ்சா அது ஆளப் புடிச்சிக்கிடும் காஸிம். காஞ்ச மணலோட கலந்து தூவு. மேல மண் போடாத."

மறுபடி குளத்தோரம் போய் விதை கொண்டுவந்து அப்படியே தூவினேன். முளைத்தது.

முளைத்து ஒரு சாண் உயரம் வந்த நேரத்தில் டெங்கு பார்க்கச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஒருவர் வந்தார். பாத்தியைக் கண்டதும் "என்ன இது சதுப்பு? நுளம்பு பெருகும், மூடுங்க, இல்லாட்டி வழக்குப் போடுவன்" என்று குதித்தார். மாத்தயா அவரிடமும் "சாப்பிட்டதா?" என்றுதான் கேட்டார். பிறகு "ஈரம் இருக்கு, நிக்கிற தண்ணி இல்ல. நீங்களே தேடுங்க" என்றார். வந்தவர் பாத்தியை ஓரத்துக்கு ஓரம் தேடினார், இல்லை. ஆனால் சுவரோரம் நான் கவிழ்க்காமல் விட்டிருந்த வாளியில் புழு நெளிந்தது. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதற்குப்பின் கவிழ்க்காத வாளியைக் கண்டால் எனக்குக் கண் துடிக்கும்.

மாரி முடிந்தது. பனி இறங்கின காலையொன்றில் அடிக்கணுவில் முதல் பூ தெரிந்தது. பிறகு நாளுக்கு நாள் மேலே மேலே ஏறிப் பூத்தது. அந்த ஊதாவை நான் எத்தனையோ வாய்க்காலில் கண்டிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். பெரியவர் வருகிற திகதியும் வந்தது. திங்கட்கிழமை.

சனிக்கிழமை மாத்தயாவும் நானும் வர்ணப்பூச்சும் தூரிகையும் வாங்க லொறியில் புத்தளம் டவுனுக்குப் போனோம். பகல் திரும்பி வந்தால் கேற்றடியில் ஒரே சனம். மண்வெட்டி, கத்தி, கடகம். நஸீமா நடுவில் நின்றாள். மதுரங்குளியிலிருந்து அவளுடைய கூடப்பிறந்த நானாமார், அயல்வீட்டுப் பெண்டுகள், பள்ளிவாசல் தெருப் பொடியன்கள் எல்லாரும் இருந்தார்கள். அவித்த கிழங்கும் கட்டைச்சம்பலும் ஒரு சட்டி, பிளேன்டீ ஒரு வாளி. எல்லாரும் கூடிச் செய்கிற சிரமதானம்!

"பர்ஸானாட வாப்பா, வந்து பாருங்க!" என்றாள். பர்ஸானா எங்கள் மகள். "கொழும்பு மாத்தயா வந்தா மொகம் பாக்கலாம், அப்பிடித் துப்புரவாக்கி வச்சிரிக்கம். கசாய அறைக்குப் பின்னால ஒரே முள்ளுக்காடு. ஒண்டு விடாமப் புடுங்கியாச்சி."

அவளுடைய விரல்களில் பழைய சீலைக் கிழிசல் சுற்றியிருந்தது. அதில் இரத்தம் ஊறியிருந்தது. கேற்றுக்குப் பக்கத்தில் என் நீர்முள்ளி குவியலாகக் கிடந்தது, வேர் மேலே பார்க்க, பூ வாடி.

அவள் விளங்காமல் மேலும் சொன்னாள். "பூப்பாத்தியத் தேடினம். முள்ளு மூடிக் கெடந்திச்சி. ஒங்கட பூச்செடியெல்லாம் அதுக்குள்ள செத்துப்போச்சிப் போல. பரவாயில்ல, நாளைக்கு நாலு செவ்வந்திச் சட்டி கொண்டந்து வைப்பம்."

காவல்காரனைத் திட்டியும் பலனில்லை. மாத்தயா அனுப்பின ஆட்கள் என்று அவன் நினைத்துவிட்டான். நஸீமாவின் வாப்பாவின் வயலில் நீர்முள்ளி கண்டால் பிடுங்கி வரப்பில் எறிவதுதான் வழக்கம். காலில் ஏறினால் ஒரு வாரம் சீழ்பிடிக்கிற முள் அது. அதை ஒரு மனிதன் சாணம் போட்டு, தண்ணீர் விட்டு வளர்ப்பான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வளர்த்ததோ அவர்களுடைய மச்சான்.

"அதுதான் பூச்செடி" என்றேன்.

அவள் முகம் மாறினதை நான் சொல்லப்போவதில்லை. ஒருவர் கையிலிருந்த பிளேன்டீக் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மாத்தயா பின்பக்கம் போனார். செருப்பைக் கழற்றி வெறும் பாத்திக்குள் இறங்கி, குதிக்காலை அழுத்தி எடுத்து, தடத்தைக் குனிந்து பார்த்தார். "ஈரம் ஹரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆக்கள் எல்லாம் சாப்பிட்டதா?" என்று கேட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொறுப்பில் இருக்கிற மனிதன் அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது!

சாப்பிட்டபின் எல்லாருமாகச் சேர்ந்து செடிகளைக் கழுவிப் பாயில் காயப்போட்டோம். நீர்முள்ளியை மருந்துக்கு வேரோடு பிடுங்கித்தான் எடுப்பார்கள் என்பதால் மருந்து வீணாகவில்லை. என் காரியம்தான் வீணானது.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். வெறும் சேற்றுப் பாத்தியைப் பார்த்தார். "பூ எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தயா வாயைத் திறக்குமுன் சுவரோரம் நின்ற நஸீமா முன்னால் வந்துவிட்டாள். வராதே என்று காலையில் அவ்வளவு சொல்லியும் வந்திருந்தாள்.

"நான்தான் சேர் புடுங்கினன். இவருக்கு ஒண்டும் தெரியாது. அந்த முஸீபத்துப் புடிச்ச முள்ளு ஆஸ்பத்திரிக்குத் தேவைப்படும் எண்டு எனக்குத் தெரியா. பூத்தது உண்மை. இந்தா, என்ட கையப் பாருங்க."

விரல்களை விரித்துக் காட்டினாள். மாத்தயா அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். பீடை என்கிற அந்த முஸீபத்துக்கு மட்டும் சிங்களம் கிடைக்காமல் அதை அப்படியே சொன்னார். பெரியவருடன் வந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். மாத்தயா சிரிக்கவில்லை. என்னைக் காட்டி, இந்த மணலில் இதைப் பூக்கவைத்தது இவர், இவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று நேராகக் கேட்டார். சும்மா கேட்க வராது என்று சொன்ன மனிதர், பூ இல்லாமலே கேட்டார்.

பெரியவர் தலையாட்டினார். "சனத்துக்கு இந்தச் செடியின் அருமை தெரியவில்லை. ஒரு பலகை வைக்கவேண்டும்" என்றார்.

சில மாதத்தில் பலகை வந்தது. நல்ல தகரம், பச்சை வர்ணம், மூன்று மொழி. நியமனம் வரவில்லை. அடுத்த மாரிக்கு, உதிர்ந்து கிடந்த விதையிலிருந்தே பாத்தி நிறைய முளைத்தது. அப்படி ஒரு பூ அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பார்க்க ஒருவரும் வரவில்லை. என் வயது எல்லையைத் தாண்டிப் போயிற்று.

மாத்தயா ஓய்வு பெற்றுச் சிலாபத்துக்குப் போகிற அன்று என் தோளில் கைவைத்து, "பூ இருந்திருந்தாலும் அந்த ஆள் போர்டுதான் தந்திருக்கும் காஸிம். வீட்டில சொல்லு" என்றார். சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன். நஸீமா நம்பவில்லை. நானும் அலுத்து விட்டுவிட்டேன். முழங்கால் மடிய மறுக்கும்வரை கெசுவலாகவே வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது மகள் அனுப்புகிறதில் அடுப்பு எரிகிறது. மருந்துக்குக் காசு போகிற மாதம் மீன் இல்லை. குறை சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. வீட்டு வளவில் எந்தப் புல்லைப் பிடுங்குவதென்றாலும் என்னிடம் காட்டி "இதப் புடுங்கவா?" என்று கேட்பாள். கோரையையும் காட்டுவாள், குப்பைமேனியையும் காட்டுவாள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே "ம்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

சுகந்தி போன் எடுத்த அன்று நஸீமா பக்கத்தில்தான் இருந்தாள். "என்னவாம்?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டு வருஷக்கணக்காயிற்று. சொன்னேன். கசாய அறையில் இப்போது காய்ச்சுவதில்லை, மருந்து பாக்கெட்டில் அடைத்து வருகிறது, தண்ணீர் ஓட்டம் நின்று பாத்தி காய்ந்துவிட்டது என்றேன். எனக்கு ஏலாது, போகமாட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். எங்கள் கிணற்றடியில் நீர்முள்ளி நிற்கிறது. நான் போட்டதில்லை. சிரமதானத்தன்று சேறு படிந்த உடுப்பை அவள் அங்கேதான் கழுவினாள். விதை ஈரத்தில் பாவாடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். அடுத்த மாரியில் முளைத்தது. அவள் அதைக் காட்டி மட்டும் ‘புடுங்கவா’ என்று கேட்டதே இல்லை. குளிக்கிற தண்ணீர் அந்தப் பக்கம் ஓடுகிற மாதிரிச் சின்ன வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறாள்.

மறுநாள் விடிய, நாற்றுகளை வேர்மண்ணோடு தோண்டி இரண்டு சொப்பிங் பேக்கில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க வராட்டி நான் தனியப் போறன்" என்றாள். வேறென்ன செய்வது? பஸ் ஏறினோம்.

சுகந்தி ஏற்கெனவே குழாய் இழுத்து நாலு நாளாகத் தண்ணீர் விட்டிருந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. மழைத் தொட்டித் தண்ணீராம். கீழே எங்கள் மட்டைகள் மக்கிக் கறுத்துக் கிடந்தாலும் இன்னும் ஈரம் பிடித்தன. பாத்தி நிறையக் கோரை. நஸீமா சீலையைச் சொருகிக்கொண்டு சேற்றில் குந்தினாள். முதல் கோரையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இதப் புடுங்கவா?"

"ம்."

"இது?"

"ம்."

சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அன்ரி, ஒவ்வொரு புல்லுக்கும் கேக்கிறியள்?"

நஸீமா நிமிரவில்லை. "ஒருக்கா கேக்காமப் புடுங்கிட்டன் மகள்" என்றாள். "இவருக்குப் பென்சன் இல்லாமப் போச்சி."

இத்தனை காலத்தில் அதை அவள் வாயால் கேட்டது அன்றுதான். சுகந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. மாத்தயா சொன்னதை மறுபடி சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன பயன், அவள் நம்பப்போவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாத்திக்குள் இறங்கினேன். முழங்கால் கத்தியது. குதிக்காலை அழுத்தி எடுத்தேன். தடத்தின் அடி மெல்லப் பளபளத்தது.

"ஈரம் சரி" என்றேன். பிறகு கேட்டேன், "நீ சாப்பிட்டியா?"

அவள் கையில் கோரையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். விடிய எழும்பி நாற்றுத் தோண்டின மனிசி, ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடித்திருக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

"இல்ல" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்ப எழும்பு. சாப்பிட்டுட்டு வந்து புடுங்குவம்."